ஆவுளியாவும் அரசாங்கமும் நாமும்

(பங்கின் பொன்விழாவையொட்டி நடந்த கருத்தரங்கில் கடல்தொழிலாளர் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நம் சங்கத்துக்கு விழாக் குழுவினர் கொடுத்த தலைப்பு, 'அரசின் காலநிலைக் கொள்கையும் அருகிவரும் உயிரினங்களும்' என்பதாகும். தாளைக் கையில் வாங்கியதும் நம்மில் சிலருக்குத் தயக்கம். இது கல்லூரிப் பேராசிரியர் பேசவேண்டிய சங்கதி, வலை பின்னுகிறவர்களுக்கும் மீன் விற்கிறவர்களுக்கும் இதில் என்ன வேலை என்றார்கள். இரண்டு மாலை கூடி உட்கார்ந்து பேசிய பிறகுதான், இந்தத் தலைப்பு நம் வீட்டு வாசலிலேயே கிடக்கிறது என்று தெரிந்தது. ஆகவே உலகத்து உயிர்களையெல்லாம் வரிசைப்படுத்தப் போவதில்லை. நமக்குத் தெரிந்த ஓர் உயிரை முன்னிறுத்திப் பேச முனைகிறோம். அது ஆவுளியா.

புத்தகத்தில் கடற்பசு என்று எழுதுகிறார்கள். வயற்காட்டுத் தெருச் சகோதரர்கள் பலர் அதைக் கண்ணால் கண்டிருக்கமாட்டார்கள். கடற்கரைத் தெருவிலும் முப்பது வயதுக்குட்பட்டவர்களில் பார்த்தவர் சொற்பமே. மீனைப் போன்ற உடல். ஆனால் மீன் அல்ல. குட்டி ஈன்று பால் கொடுக்கும். மூச்சுவிட நீர்மட்டத்துக்கு வரும். யானைக்கு அது தூரத்து உறவு என்று விஞ்ஞானிகள் சொல்லுகிறார்கள். கடலுக்கடியில் வளரும் புல்லைத்தான் மேயும். ஒரு நாளைக்கு 30, 40 கிலோ தின்னும். 70 ஆண்டுகள் வரை வாழக்கூடியது. ஆனால் தாய் ஓராண்டுக்கு மேல் சுமந்து ஒரே ஒரு குட்டிதான் ஈனும். அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். இத்தனை மெதுவாகப் பெருகும் உயிர், வலையில் ஒன்று, விசைப்படகின் காத்தாடியில் ஒன்று என்று போய்க்கொண்டிருந்தால் என்னவாகும்? நம் நாட்டுக் கடல்கள் அனைத்திலும் சேர்த்தே சில நூறுதான் எஞ்சியிருக்கின்றன என்று சொல்லுகிறார்கள். நம் பாக் நீரிணை, மன்னார் வளைகுடா, கட்ச் வளைகுடா, அந்தமான் நிக்கோபார், அவ்வளவுதான் அதற்கு இந்தியாவில் மிச்சமுள்ள இடம்.

ஓர் இரவைப் பற்றிச் சொல்லிவிட்டு மேலே செல்வோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாசி மாதம். நம் சங்கத்து நாட்டுப்படகு ஒன்றில் நால்வர் திருக்கை வலை வாங்கிக்கொண்டிருந்தோம். விடிய இன்னும் இரண்டு நாழிகை இருக்கும். வலை கனத்தது. பெரிய திருக்கை ஒன்று பட்டுவிட்டது என்று மகிழ்ந்து இழுத்தோம். படகுக்குப் பக்கத்தில் நீருக்கு மேல் ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது. களைத்த மனிதன் பெருமூச்சு விடுவது போன்றே இருந்தது அந்தச் சத்தம். விளக்கை அடித்துப் பார்த்தால் ஆவுளியா. வலை அதன் கழுத்தையும் துடுப்பையும் சுற்றியிருந்தது. சற்றுத் தள்ளி ஒரு குட்டி, வலைக்கு வெளியே சுற்றிச் சுற்றி வந்தது. படகில் மூத்தவர் ஒரு வார்த்தையும் பேசாமல் கத்தியை எடுத்தார். வாங்கி ஒரு மாதம் ஆகாத வலை. கடனும் தீரவில்லை. பதினைந்து பாகம் நீளத்துக்கு அறுத்துப் போட்டோம். அது ஒருமுறை அமிழ்ந்து, ஒருமுறை எழுந்து மூச்சு வாங்கிக்கொண்டு, குட்டியோடு போய்விட்டது.

பிறகு, அறுத்த வலைக்கு ஏதேனும் ஈடு கிடைக்குமா என்று ஓர் அலுவலகத்துப் படியேறிக் கேட்டோம். புகைப்படம் இருக்கிறதா என்றார்கள். இருட்டில், ஒரு கையில் கத்தியும் ஒரு கையில் வலையுமாக நின்றவர்களிடம் எந்தக் கை மிச்சம் இருந்தது என்று நாம் திருப்பிக் கேட்கவில்லை. வீடு வந்து சேர்ந்தோம்.

இதை நம் பெருமைக்காகச் சொல்லவில்லை. உண்மையைச் சொல்வதானால், நம் பாட்டனார் காலத்தில் ஆவுளியா பட்டால் ஊருக்கே கறி. கூறு போட்டு விற்றிருக்கிறார்கள். அதன் கொழுப்பை மருந்தென்று காய்ச்சி வைத்திருக்கிறார்கள். மூத்த தாய்மார்கள் சிலருக்கு அதன் ருசி இன்னும் நினைவிருக்கும். அப்போது அது குற்றமல்ல. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது; ஆவுளியா அதன் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கும் வரிசையில் ஏறியது. பிடித்தாலும் விற்றாலும் சிறை. சட்டத்தின் பெயரிலேயே 'வனம்' இருந்ததால், கடலில் இருப்பதற்கும் அது பொருந்தும் என்று நம் கரைக்கு எட்டவே வெகுகாலம் பிடித்தது. வந்து சொல்லவும் ஆள் இல்லை. வழக்குப் போட மட்டும் வந்தார்கள்.

1986-ல் தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடைப்பட்ட 21 தீவுகளையும் சுற்றுக் கடலையும் கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். 2001-ல் கடல் அட்டை, கடற்குதிரை, பவளம், சில சங்கு வகைகள் எல்லாம் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. இவற்றைக் காக்கக்கூடாது என்று நாம் வாதிட வரவில்லை. ஆனால் அட்டை குளித்துப் பிழைத்த குடும்பங்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு நாள் தொழில், மறுநாள் குற்றம். எதிர்க்கரையில் இலங்கையில் அதே அட்டையை உரிமம் கொடுத்து எடுக்கிறார்கள். கடலுக்கு நடுவில் அட்டை கோடு பார்த்தா ஊர்கிறது என்று நம் குளியாளிகள் கேட்டதற்கு இன்றுவரை நேரான பதில் இல்லை.

தீவுகளைச் சுற்றிப் பாசி எடுத்துப் பிழைக்கும் பெண்களுக்கும் அதே கதி. எனினும் அவர்கள் செய்த ஒரு காரியத்தை இந்த மேடையில் சொல்லாமல் இருக்க முடியாது. பாம்பன் பக்கத்துப் பாசிப் பெண்கள், மாதத்தில் 12 நாள் மட்டுமே பாசி எடுப்பது, இரும்புக் கரண்டியால் பாறையைச் சுரண்டுவதில்லை என்று தாங்களாகவே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அரசாங்கம் போட்ட விதியல்ல அது. அவர்களில் சின்னப்பாலத்தைச் சேர்ந்த ஒரு சகோதரிக்கு 2015-ல் வெளிநாட்டுப் பரிசும் கிடைத்தது. அட்டவணை போட்டவர்களுக்கு அவர்களைக் கேட்கத் தோன்றியிருந்தால், அட்டவணையே வேறு மாதிரி அமைந்திருக்கும் என்பது நம் எண்ணம்.

இனி, நம் கரைக்கு வருவோம். 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாடு அரசு, அதிராம்பட்டினம் முதல் அம்மாபட்டினம் வரையுள்ள கடலில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களைச் சார்ந்த 448 சதுர கிலோமீட்டர் பரப்பை கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. நாட்டிலேயே ஆவுளியாவுக்கென்று அமைந்த முதல் காப்பகம் இதுதான். மனோராவில் அதற்கென ஒரு மையம் அமைப்பதாகவும் அறிவித்தார்கள். மனோரா என்றால் சிறுவர்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் சுற்றுலா அழைத்துப் போவார்கள். நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதற்காகத் தஞ்சை சரபோஜி மன்னர் எழுப்பிய கோபுரம் அது. எங்கோ நடந்த சண்டைக்கு நம் கரையில் கோபுரம் எழுந்த அந்த இடத்தில், நம் கடலிலேயே வாழும் உயிருக்கு ஒரு மையம் வருவது எவ்வளவோ மேல்.

அறிவிப்பு வந்த அன்று நம் தெருவில் எழுந்த அச்சம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். தேசியப் பூங்கா போல இங்கும் வலை போடக்கூடாது என்பார்களோ, படகுத் துறையில் காவல் நிற்குமோ என்று தாய்மார்கள் கேட்டார்கள். அந்த அச்சம் வீணல்ல. சுட்டுக்கொண்ட கை அது. ஆனால் விசாரித்து அறிந்ததைச் சொல்லிவிட வேண்டும். இது தேசியப் பூங்கா அல்ல. வனவிலங்குச் சட்டத்துக்கு 2002-ல் கொண்டுவந்த திருத்தத்தின்படி அமைந்த 'பாதுகாப்பகம்' என்ற வேறு வகை. பக்கத்து மக்களைக் கலந்துகொண்டுதான் அதை அறிவிக்கவேண்டும். அங்குள்ள மக்களின் உரிமை பறிபோகாது. மீன்பிடிப்புக்குப் புதிய தடை ஏதும் இல்லை என்றும் அரசு சொல்லியிருக்கிறது. வலையில் பட்ட ஆவுளியாவை உயிரோடு விட்ட மீனவர்களுக்கு வெகுமதி தருகிறார்கள். மீனவர் பிள்ளைகளுக்கு அதன் பேரால் கல்வி உதவித்தொகையும் தந்தார்கள். இப்போது நம் கரையில் ஆவுளியா பட்டால், கத்தி எடுக்கும் முன் கைபேசி எடுக்கிற ஓர் ஆளும் படகில் இருக்கிறான். நாம் படியேறிக் கேட்ட கேள்வி வீண் போகவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

அப்படியானால் குறை என்ன என்று கேட்பீர்கள். குறை புல்லில் இருக்கிறது.

இந்தக் காப்பகம் ஆவுளியாவுக்காக அறிவிக்கப்பட்டாலும், அதன் உயிர் கடற்புல்லில்தான். நம் நீரிணை ஆழமற்றது, அலை குறைந்தது. அதனால்தான் இத்தனை ஆயிரம் ஏக்கரில் புல் படுகை இருக்கிறது. ஆவுளியா மட்டுமா அதை நம்பி இருக்கிறது? நண்டுக் குஞ்சு, இறால் குஞ்சு, கணவாய் முட்டை எல்லாம் அந்தப் புல்லுக்குள்தான். நண்டு வலை போடும் வீடுகளின் அடுப்பு அந்தப் புல்லால் எரிகிறது என்றால் மிகையல்ல. இன்னொன்றும் சொல்லுகிறார்கள். காற்றில் சேரும் கரியை, நிலத்தில் காடு உறிஞ்சி வைத்திருப்பது போல, கடலில் இந்தப் புல் உறிஞ்சித் தன் வேரடிச் சேற்றில் புதைத்து வைக்கிறதாம். படுகையை உழுது குலைத்தால் புதைந்தது மறுபடி வெளியே வரும்.

ஆக, ஒரே புல். வனத்துறைக்கு அது ஆவுளியாவின் தீவனம். மீன்வளத் துறைக்கு அது குஞ்சு வளரும் தொட்டில். காலநிலைக்கென்று இருக்கும் அலுவலகத்துக்கு அது கரிக் கிடங்கு. மூன்று அலுவலகம், மூன்று கோப்பு. அந்தப் புல்லின் மேல் தினமும் படகை ஓட்டுகிற நாம் எந்தக் கோப்பிலும் இல்லை.

கோப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. 2008-ஆம் ஆண்டு மத்திய அரசு காலநிலை மாற்றத்துக்கென்று தேசியச் செயல்திட்டம் ஒன்றை வெளியிட்டது. அதில் எட்டு இயக்கங்கள். சூரிய ஒளிக்கு ஒன்று, எரிசக்திச் சிக்கனத்துக்கு ஒன்று, நகரங்களுக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று, காட்டுக்கு ஒன்று, வேளாண்மைக்கு ஒன்று, அறிவு வளர்ச்சிக்கு ஒன்று. இமயமலைக்கென்றே தனியாக ஒன்று. நல்லது, இமயமலை உருகினால் கங்கை என்னாகும்? ஆனால் 7,000 கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை உள்ள நாட்டில் கடலுக்கென்று ஓர் இயக்கம் இல்லை. எட்டில் ஒன்றுகூட இல்லை.

பாதுகாப்பகச் சட்டத்தைப் படித்துப் பார்த்தபோது அதே கதைதான். காப்பகத்தை நிர்வகிக்கத் தலைமை வனஉயிரினக் காப்பாளருக்கு ஆலோசனை சொல்ல ஒரு குழு அமைக்கவேண்டும் என்கிறது சட்டம். யார் யார் அந்தக் குழுவில்? வனத்துறைப் பிரதிநிதி, ஒவ்வொரு ஊராட்சிக்கும் ஒருவர், தொண்டு நிறுவனத்தார் மூவர், வேளாண்மைத் துறை ஒருவர், கால்நடைத் துறை ஒருவர். கடலுக்குள் இருக்கும் காப்பகத்துக்கு வேளாண்மைத் துறை! ஆவுளியாவைக் கடற்பசு என்று பெயரிட்டதால் கால்நடைத் துறையைச் சேர்த்தார்கள் போலும் என்று நம் சங்கத்துப் பெரியவர் ஒருவர் சொல்லிச் சிரித்தார். சட்டம் எழுதியவர்களின் மனக்கண்ணில் இருந்தது நிலம். கடலுக்கு அந்தச் சட்டையையே மாட்டிவிட்டார்கள். மீன்வளத் துறையின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. மீனவர் சங்கமும் இல்லை. ஊராட்சிப் பிரதிநிதி உண்டே என்பீர்கள். நம் ஊராட்சியில் கடற்கரைத் தெரு ஒரு பங்கு, வயற்காட்டுத் தெரு மூன்று பங்கு. யாரையும் குறையாகச் சொல்லவில்லை. வயற்காட்டுச் சகோதரர் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால், திருக்கை வலைக்கும் நண்டு வலைக்கும் வித்தியாசம் அவர் எப்படி அறிவார்?

தமிழ்நாடு அரசைப் பொறுத்தவரை நியாயம் பேசவேண்டும். 2021-ல் பசுமைக் காலநிலை நிறுவனம் என்று ஒன்றை ஏற்படுத்தி, அதன் கீழ்க் காலநிலை மாற்றத்துக்கும், மரம் வளர்ப்புக்கும், ஈரநிலங்களுக்கும் தனித்தனி இயக்கங்கள் நடத்துகிறார்கள். பிற மாநிலங்களுக்கு முன்பே எடுத்த முயற்சி அது. காலநிலைக்கான மத்திய நிதியிலிருந்து பணம் பெற்று மன்னார் வளைகுடாவில் நடந்த ஒரு வேலையையும் சொல்லவேண்டும். தூத்துக்குடிக்கு எதிரே வான் தீவு. வீடு கட்டவும் சுண்ணாம்புக்கும் பவளப்பாறையை வெட்டி எடுத்து எடுத்து, அலையைத் தடுக்க ஆளில்லாமல், அந்தத் தீவு கரைந்துகொண்டே வந்து இரண்டாகப் பிளந்துவிட்டது. பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் அதற்கு முன்பே கடலுக்குள் போய்விட்டன. வான் தீவைச் சுற்றி, சிமெண்டால் செய்த செயற்கைப் பார்களை ஆயிரக்கணக்கில் இறக்கினார்கள். அலையின் வேகம் தணிந்தது. மணல் மறுபடி சேர்ந்தது. பாரில் மீன் அடைந்தது. காரியாச்சல்லித் தீவுக்கும் அதே வழியில் வேலை எடுத்திருக்கிறார்கள். மனம் வைத்தால் முடியும் என்பதற்கு இது போதும்.

ஆனால் சிமெண்டுப் பார் அலையைத் தடுக்கும், வெப்பத்தைத் தடுக்குமா? வெப்ப மண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951 முதல் 2015 வரை சராசரியாக ஒரு டிகிரி சூடேறியிருக்கிறது என்று மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தின் அறிக்கை சொல்லுகிறது. ஒரு டிகிரி என்ன பெரிது என்று எண்ண வேண்டாம். நம் உடம்புக்கு ஒரு டிகிரி ஏறினால் வேலைக்குப் போகிறோமா? பவளத்துக்குள் நுண்ணிய பாசி ஒன்று குடியிருந்து அதற்கு உணவூட்டுகிறது. தண்ணீர் அளவுக்கு மிஞ்சிச் சுட்டால் அந்தப் பாசி வெளியேறிவிடும். பவளம் எலும்பு போல வெளுக்கும். சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும், நீடித்தால் சாகும். மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் இது பெரிய அளவில் நடந்தது. 2016-க்கு முன் நூற்றுக்கு 39 பங்கு அளவில் இருந்த உயிருள்ள பவளப் பரப்பு, அந்தக் கோடைக்குப் பின் 23 பங்கு அளவுக்குச் சரிந்ததாகத் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் கணக்கெடுத்தார்கள். 2024-ஆம் ஆண்டுக் கோடையிலும் வெளுத்தது.

பவளத்தை முதல் அட்டவணையில் வைத்துக் காக்கிறோம். ஒரு துண்டு பவளம் வைத்திருந்த ஏழையைப் பிடித்து வழக்குப் போடுகிறோம். கடலைச் சுட வைத்துப் பவளத்தைப் பரப்புப் பரப்பாகக் கொன்றதற்கு எந்த அட்டவணையில் வழக்குப் போடுவது? 2070-க்குள் நாட்டின் கரிக்கணக்கைச் சமன் செய்வோம் என்று 2021-ல் கிளாஸ்கோ மாநாட்டில் நம் நாடு வாக்குக் கொடுத்தது. நம் நாட்டவர் தலைக்கு வெளிவிடும் கரி உலகச் சராசரிக்குக் குறைவு என்பதும், பணக்கார நாடுகள் நமக்கு முன்பே நெடுங்காலம் எரித்துத் தீர்த்தவர்கள் என்பதும் உண்மைதான். ஆனால் 2070 வரை பவளம் காத்திருக்குமா என்பதை மேடையில் கை கொடுத்தவர்கள் யாரும் பவளத்திடம் கேட்கவில்லை.

இன்னொரு விஷயத்தில் நமக்குக் கவலை உண்டு. கடற்பாசி வளர்ப்பு. கரியை உறிஞ்சும், பெண்களுக்கு வருமானம் தரும் என்று அரசு ஊக்கம் கொடுக்கிறது. 2023-ல் இராமநாதபுரம் மாவட்டத்தில் 127 கோடி ரூபாயில் பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார்கள். வருமானம் வேண்டாம் என்று சொல்ல நாம் யார்? ஆனால் மிதவையில் கட்டி வளர்ப்பது பெரும்பாலும் 'கப்பாபைகஸ்' என்ற வெளிநாட்டுப் பாசி. அது குருசடைத் தீவின் பவளத்தின்மேல் படர்ந்து மூடியதை 2008-லேயே ஆய்வாளர்கள் எழுதிவைத்தார்கள். ஒரு கையால் பவளத்தைக் காக்கச் சட்டம், மறு கையால் பவளத்தை மூடும் பாசி. இந்த இரண்டு கைகளும் ஒரே உடம்பைச் சேர்ந்தவை என்று யாராவது அவற்றிடம் சொல்லவேண்டும். சொந்தப் பாசி வகைகளை வளர்க்க வழி காட்டினால் நம் பெண்கள் மாட்டேன் என்றா சொல்லப்போகிறார்கள்?

மற்றவர் குற்றத்தை இவ்வளவு நேரம் பேசினோம். நம் குற்றத்தையும் பேசாமல் இறங்கினால், வீட்டுக்குப் போனதும் நம் பிள்ளைகளே கேட்பார்கள்.

இழுவை மடி. வேறென்ன? அரசாங்கமே கடன் கொடுத்து, விசைப்படகு ஓட்டப் பழக்கி, இறால் ஏற்றுமதி என்று ஆசை காட்டியது மெய். ஆனால் கற்றுக்கொண்டதும் ஓட்டியதும் நாம். கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு வரக்கூடாது என்று 1983-ஆம் ஆண்டு மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கோடு போட்டது. அந்தக் கோட்டை இரவில் யார் தாண்டுகிறார்கள் என்று இந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். இரும்புப் பலகையும் சங்கிலியுமாகப் புல் படுகையை உழுது செல்லும் மடிக்கு, ஆவுளியாவும் தெரியாது, நண்டுக் குஞ்சும் தெரியாது. இரட்டை மடி தடை செய்யப்பட்டது, அது ஒழிந்துவிட்டதா? இதைச் சொன்னால் விசைப்படகு வைத்திருக்கும் நம் உறவினர் முகம் வாடும். அவர்களும் கடனாளிகள்தாம். இழுவைப் படகை விட்டு ஆழ்கடலுக்குப் போக 2017-ல் ஒரு திட்டம் வந்தது. 2,000 படகுகளை மாற்றுவதாகச் சொன்னார்கள். மானியம் போக மீதிக் கடனைக் கட்ட யாருக்கும் துணிவில்லை. திட்டம் எண்ணிய வேகத்தில் நகரவில்லை. அந்தக் கடன் சுமையைக் குறைத்தால் புல்லும் பிழைக்கும், ஆவுளியாவும் பிழைக்கும். அதைக் காலநிலைச் செலவு என்று எழுதினால் என்ன தவறு? புல்தான் கரிக் கிடங்கு என்று அவர்களே சொல்லுகிறார்களே.

ஐம்பதாம் ஆண்டில் நிலத்தை உழாமல் ஓய்வுக்கு விடும் பழைய ஏற்பாட்டு முறையைப் பொன்விழாத் திருப்பலியின் மறையுரையில் கேட்டோம். நம் கடலுக்கு அந்த ஓய்வு ஆண்டுதோறும் உண்டு; ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், 2017 முதல். அதற்குமுன் 45 நாளாக இருந்தது. தடைக்காலம் வந்தபோது எவ்வளவு எதிர்த்தோம்! இன்று அதைக் குறைக்கச் சொல்லி நம் கரையில் யாரும் மனுப் போடுவதில்லை. தடை முடிந்த முதல் வாரத்து மடி என்ன சொல்லுகிறது என்று பார்த்துவிட்டோம். அதைப் போலவே, மனோராப் பக்கத்தில் ஓம்கார் நிறுவனத்தார் மூங்கில் சட்டத்தில் கயிறு கட்டிக் கடற்புல் நட்டபோது, முதலில் நம்மவர் சிரித்தார்கள். கடலில் போய் நாற்று நடுகிறார்களே என்று. சில மாதம் கழித்து அந்த இடத்தில் மீன் குஞ்சைப் பார்த்த பிறகு சிரிப்பு நின்றது. வயற்காட்டுத் தெரு இளைஞர்களைத்தான் அடுத்த முறை அழைத்துப் போகவேண்டும். நாற்று நடுவதில் அவர்கள் கை நம் கையைவிடத் தேர்ந்தது.

ஆகவே நம் சங்கம் ஒரு மனு எழுதியிருக்கிறது. அடுத்த கிராம சபையில் வைத்துத் தீர்மானமாக்கி, மாவட்ட ஆட்சியருக்கும் வனத்துறைக்கும் அனுப்ப எண்ணம். அதில் கேட்டிருப்பது அதிகமில்லை. பாதுகாப்பகக் குழுவில் மீன்வளத் துறைக்கும், நாட்டுப்படகு மீனவர்களுக்கும், நண்டு, பாசி எடுக்கும் பெண்களுக்கும் நாற்காலி வேண்டும். ஆவுளியாவுக்காக வலை அறுத்தால், படகில் இருந்த இருவர் கையெழுத்தையே சாட்சியாக ஏற்று ஈடு தரவேண்டும். புல் படுகை எங்கெங்கே இருக்கிறது என்ற வரைபடத்தைத் தமிழில் அச்சிட்டுத் துறைதோறும் ஒட்டவேண்டும். இல்லாவிட்டால் எதைக் காக்கச் சொல்லுகிறார்கள் என்று எப்படித் தெரியும்? 3 மைல் கோட்டைத் தாண்டினால், அது நம் உறவினர் படகானாலும், நடவடிக்கை எடுக்கவேண்டும். இந்தக் கடைசி வரியை எழுதுவதா வேண்டாமா என்று சங்கத்தில் ஓர் இரவு முழுதும் தகராறு. எழுதியே தீரவேண்டும் என்று சொன்னவர், அந்த மாசி மாதத்தில் கத்தி எடுத்த அதே பெரியவர். அவருடைய மருமகனுக்கு விசைப்படகு இருக்கிறது.

மனு கோவில் மண்டபத்து வாசலில் மேசைமேல் இருக்கிறது. கையெழுத்து நோட்டும் பேனாவும் வைத்திருக்கிறோம். கைநாட்டு வைப்பவர்களுக்கு மைப்பெட்டியும் உண்டு. விருந்துக்குப் போகும் வழியில் படித்துப் பார்த்து, சம்மதமானால் ஒப்பமிடுங்கள். சம்மதமில்லாதவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து காரணம் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறோம்.